பில் இல்லாத தங்கக் காசு, வெள்ளிக் கட்டி: கீறாமல், உருக்காமல் அசலா என்று பார்க்க முடியுமா?

கயல் எழுதியது:

வணக்கம். என் பெரியப்பா காலமான பிறகு அவர் சேர்த்து வைத்திருந்த ஒரு சிறு பெட்டி எங்கள் கைக்கு வந்திருக்கிறது. பில் எதுவும் இல்லை. யாரிடம், எப்போது வாங்கினார் என்று சொல்லக்கூடியவர்களும் இப்போது இல்லை. உள்ளே இருப்பது இவ்வளவு:

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர்ராண்ட் தங்கக் காசு இரண்டு, ஒன்றில் 1974, இன்னொன்றில் 1978. கனடாவின் மேப்பிள் இலை வெள்ளிக் காசு ஐந்து, எல்லாமே 2015. '999', '100 கிராம்' என்று மட்டும் பொறித்த வெள்ளிக் கட்டி ஒன்று, தயாரித்தவர் பெயர் இல்லை. பிளாஸ்டிக் அட்டைக்குள் ஒட்டி மூடிய ஒரு அவுன்ஸ் தங்க பிஸ்கட் ஒன்று. அப்புறம் உதிரியாக ஒரு கிராம் தங்கத் துண்டுகள் எட்டு.

விற்கப் போவதில்லை. ஆனால் மூன்று பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒருத்தர் பங்கில் மட்டும் போலி போய் விழுந்தால், அது நாளைக்குத் தெரியவரும்போது எங்களுக்குள் மனக்கசப்பு வரும். அதனால் பிரிப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். என்னிடம் 0.01 கிராம் வரை காட்டும் சின்னத் தராசும், டிஜிட்டல் காலிப்பரும், ஒரு பூதக்கண்ணாடியும் இருக்கின்றன. அமிலம் வாங்கிக் கையாள எனக்குத் தைரியம் இல்லை, காசுகளைக் கெடுக்கவும் மனமில்லை. என்ன செய்யலாம்?


நாணயப்பித்து எழுதியது:

எளிதானதை முதலில் முடித்துவிடுங்கள் கயல். நல்ல வலுவான நியோடிமியம் காந்தம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். தங்கமும் வெள்ளியும் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்போ நிக்கலோ இருக்கிறது, வேறு சோதனையே வேண்டாம். வெள்ளிக் கட்டியைச் சாய்த்துப் பிடித்து, மேலிருந்து காந்தத்தை நழுவ விடுங்கள். வெள்ளி என்றால் காந்தம் விருட்டென்று விழாது, யாரோ பிடித்து இறக்குவதுபோல மெதுவாக இறங்கும். பனிக்கட்டித் துண்டை மேலே வைத்தால் வைத்தவுடனே உருகத் தொடங்கும்.

மேப்பிள் காசுகளுக்குப் பூதக்கண்ணாடி போதும். அந்த வெள்ளிக் காசில் 2014 முதல் பெரிய இலைக்குக் கீழே ஒரு குட்டி இலை இருக்கும். அதன் நடுவில் லேசரால் பொறித்த ஆண்டின் கடைசி இரண்டு எண்கள் தெரியும். உங்களுடையதில் 15 என்று தெளிவாகப் படிக்க வர வேண்டும். பின்னணியில் நடுவிலிருந்து வெளியே விரியும் மெல்லிய கோடுகளும் கூர்மையாக, ஒரே சீராக இருக்க வேண்டும். வெண்மையான திட்டுகள் தெரிந்தால் பயப்படாதீர்கள், அசல் மேப்பிளிலேயே அது வரும்.


உரைகல் எழுதியது:

நான் பல வருடம் உலோகச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன். மேலே நண்பர் சொன்னது எல்லாமே சரி. ஆனால் எந்தச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரியாமல் செய்தால் பொய்யான நிம்மதிதான் மிஞ்சும். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காந்தம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: நீ இரும்பு, நிக்கல் வகையா? பித்தளை, செம்பு, ஈயம், டங்ஸ்டன் எல்லாமே அதில் தேறிவிடும். பனிக்கட்டி கேட்பது வெப்பம் நன்றாகக் கடத்துவாயா என்பதை. வெள்ளியின் வெப்பக் கடத்துதிறன் 429 என்றால் செம்புக்கு 401. பனிக்கட்டி உருகுவதைப் பார்த்து அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. காந்தம் மெதுவாக இறங்குவது மின்கடத்தலால் நடப்பது, அதிலும் செம்பு வெள்ளிக்கு ரொம்ப நெருக்கம். அதாவது செம்புக் கட்டிக்கு வெள்ளி முலாம் பூசிக் கொடுத்தால் இந்த மூன்று சோதனையிலும் அது தேறும்.

எடையும் அளவும்தான் முதல் அடித்தளம். தங்கத்தின் அடர்த்தி 19.32 (ஒரு கன சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம்), வெள்ளி 10.49. ஈயம் 11.34, செம்பு 8.96, பித்தளை 8.5 பக்கம், இரும்பு 7.87. தங்கம் இவற்றைவிட எவ்வளவு கனம் என்று பாருங்கள். க்ரூகர்ராண்ட் முழு எடை 33.93 கிராம். அது 22 காரட், மீதி செம்பு என்பதால் அதில் ஒரு அவுன்ஸ், அதாவது 31.1 கிராம் சுத்தத் தங்கம் இருக்கும். விட்டம் 32.7 மில்லிமீட்டர் அளவு, தடிமன் 2.8 அளவு. அதே எடையையும் அதே விட்டத்தையும் பித்தளையில் கொண்டுவர வேண்டுமானால் தடிமன் ஐந்தரை மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். தடிமனைச் சரியாக வைத்தால் எடை பாதிக்கு இறங்கிவிடும். எடை, விட்டம், தடிமன் மூன்றையும் ஒரே நேரத்தில் பித்தளையால் ஏமாற்ற முடியாது. எனவே காலிப்பரை எடுத்து மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். காசின் நடுவே புடைப்புச் சித்திரம் இருப்பதால் தடிமனை விளிம்பில் அளக்க வேண்டும், நாலு இடத்தில்.

வெள்ளியில் இந்த வசதி குறைவு. செம்பில் செய்த போலி அசலைவிட 17 சதவீதம்தான் தடிப்பாக இருக்கும். மூன்றேகால் மில்லிமீட்டர் காசு மூன்றே முக்காலைத் தாண்டும், அவ்வளவுதான். காலிப்பர் பிடிக்கும், கண் பிடிக்காது. வடிவம் ஒழுங்கில்லாத வார்ப்புக் கட்டியில் காலிப்பரும் உதவாது.

அங்கேதான் தண்ணீர் எடை. நான் யாருக்குச் சொன்னாலும் முதலில் இதைத்தான் சொல்வேன். செய்முறையைச் சரியாகச் செய்தால் உங்கள் தராசே போதும்.

லேசான பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் எடுத்துத் தராசின் மேல் வையுங்கள். டம்ளரும் தண்ணீரும் சேர்ந்து தராசின் உச்ச எடைக்குள் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு விடுங்கள், காசின் மேல் காற்றுக் குமிழி ஒட்டாமல் இருக்கும். மின்விசிறியை நிறுத்துங்கள். தராசுக்கு இரண்டு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, குறுக்கே ஒரு குச்சியைப் போடுங்கள். கையில் பிடித்துத் தொங்கவிட்டால் நடுக்கத்தில் எண் ஓடிக்கொண்டே இருக்கும். மெல்லிய மீன்பிடி நரம்பால் காசைக் கட்டுங்கள். பருத்தி நூல் தண்ணீர் குடிக்கும், வேண்டாம். தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, காசு முழுவதும் முங்கும்படி, ஆனால் அடியிலும் பக்கத்திலும் படாதபடி, குச்சியிலிருந்து தொங்கவிடுங்கள்.

இப்போது தராசு காட்டும் எண்தான் காசின் கன அளவு. காற்றில் நிறுத்த எடையை அதால் வகுத்தால் அடர்த்தி. ஒரு அவுன்ஸ் வெள்ளிக் காசு 2.97ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். க்ரூகர்ராண்டுக்கு 1.94 சுற்றி வரும், அடர்த்தி பதினேழரைக்குப் பக்கம். 22 காரட் காசு 19.3 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள், செம்பு கலந்த காசு அப்படிக் காட்டக் கூடாது.

இதன் வரம்பையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிராம் துண்டைத் தொங்கவிட்டால் 0.05 காட்டும். உங்கள் தராசின் ஒரு படி 0.01. ஒரு படி தவறினாலே விடை இருபது சதவீதம் மாறிவிடும். துண்டுகளைத் தனித்தனியாக இப்படிப் பார்ப்பது வீண்.

பெரிய வரம்பு டங்ஸ்டன். அதன் அடர்த்தி 19.25. ஒரு அவுன்ஸில் தங்கத்துக்கும் அதற்கும் தண்ணீரில் வரும் வித்தியாசம் 0.006 கிராம், உங்கள் தராசுக்குத் தெரியவே தெரியாது. 22 காரட் காசை மட்டும் இப்படிப் போலி செய்ய முடியாது என்றும் நினைக்க வேண்டாம். டங்ஸ்டனோடு நிக்கல், இரும்பு அல்லது செம்பு சேர்த்த கனக் கலவைகள் 17 முதல் 18.5 அடர்த்தியில் தொழில்துறைக்காகவே தயாராகின்றன. வெள்ளிக்கும் இப்படி ஒரு இரட்டை உண்டு: ஈயத்தையும் வெள்ளீயத்தையும் அளவாகக் கலந்தால் 10.49 வந்துவிடும்.

ஆனால் எடையில் ஒத்துப்போகிற போலி வேறு எங்காவது மாட்டிக்கொள்ளும். ஈயக் கலவை மின்சாரத்தை மோசமாகக் கடத்தும், அதன் மேல் காந்தம் தடையில்லாமல் விழுந்துவிடும். தட்டினால் ஒலிக்காமல் 'தொப்' என்று நின்றுவிடும். செம்பு காந்தத்திலும் பனிக்கட்டியிலும் தேறும், தண்ணீரில் மாட்டும். டங்ஸ்டன் தண்ணீரில் தேறும். ஆனால் அது தங்கத்தைவிட ஐந்து மடங்கு விறைப்பானது, அதனால் அதே அளவுக் காசின் சுருதி ஏறக்குறைய இரண்டு மடங்கு உயர்ந்துவிடும். உள்ளே தனியாகச் செருகி மேலே தங்கம் போர்த்தியது என்றால் ஒலியே சரியாக எழும்பாது. ஆகவே ஒரு சோதனையை நம்ப வேண்டாம். அடர்த்தி ஒன்று, ஒலி அல்லது மின்கடத்தல் ஒன்று, இரண்டும் சேர்ந்து தேற வேண்டும்.

ஒலிக்குக் காசை விரல் நுனியில் சமன் செய்து நிறுத்தி, ஒரு மரக்குச்சியால் விளிம்பில் மெல்லத் தட்டுங்கள். கைப்பேசியில் ஒலியலைவரிசை காட்டும் செயலிகள் இருக்கின்றன. உங்களிடம் ஒரே வகைக் காசு இரண்டும் ஐந்துமாக இருப்பது நல்லது, ஒன்றோடு ஒன்று ஒப்பிடலாம். சின்னக் கட்டிகளுக்கு இது சரிப்படாது.

அமிலம் வேண்டாம் என்றது ரொம்பச் சரி. உரைகல்லில் தேய்த்து அமிலம் விட்டால் தெரிவது மேல்தோல் மட்டும்தான். முலாம் தடிப்பாக இருந்தால் அதுவும் தேறும்.


கயல் எழுதியது:

ஐயா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. குச்சியும் புத்தகமும் வைத்த முறையில் எண் அசையாமல் நின்றது. வந்த எண்கள்:

1974 க்ரூகர்ராண்ட்: 33.94 கிராம், தண்ணீரில் 1.94. அடர்த்தி 17.49.
1978 க்ரூகர்ராண்ட்: 33.91 கிராம், தண்ணீரில் 1.93. அடர்த்தி 17.57.
இரண்டிலும் விட்டம் 32.7. தட்டினால் ஒரே சுருதி, செயலியிலும் ஒரே இடத்தில் உச்சம். காந்தம் எதுவும் செய்யவில்லை.

மேப்பிள் ஐந்தும் 31.1 கிராமுக்குச் சற்று மேல், தண்ணீரில் 2.96 முதல் 2.98. குட்டி இலையில் 15 தெளிவாகத் தெரிகிறது.

வெள்ளிக் கட்டிதான் குழப்புகிறது. காந்தம் அழகாக மெதுவாக இறங்கியது. பனிக்கட்டி வைத்தவுடன் உருகியது. எடை 100.02, அவ்வளவு துல்லியம். ஆனால் தண்ணீரில் 11.09 காட்டுகிறது. கணக்குப் போட்டால் 9.02 வருகிறது. திரும்பச் செய்தாலும் அதேதான். குமிழி ஒட்டியிருக்குமோ? மூலையில் ஓரிடத்தில் பூதக்கண்ணாடி வைத்தால் லேசான சிவப்பு தெரிகிற மாதிரி இருக்கிறது. பெரியப்பா இதை நம்பி வைத்திருந்தார் என்பதால் முடிவு சொல்ல எனக்குத் தயக்கமாக இருக்கிறது.


உரைகல் எழுதியது:

எண்கள் சுத்தமாக வந்திருக்கின்றன, நிதானமாகச் செய்திருக்கிறீர்கள். க்ரூகர்ராண்ட் இரண்டும் மேப்பிள் ஐந்தும் எனக்குத் திருப்தி.

கட்டியைப் பற்றி: குமிழியாக இருக்காது. 100.02 கிராம் வெள்ளி தண்ணீரில் 9.53 காட்ட வேண்டும். நீங்கள் பார்த்தது 11.09. வித்தியாசம் ஒன்றரை மில்லிலிட்டருக்கு மேல். அவ்வளவு பெரிய குமிழி உங்கள் கண்ணுக்குத் தப்பாது. 9.02 என்பது செம்பின் 8.96க்கு ஒட்டி நிற்கிற எண். உள்ளே செம்பு, மேலே வெள்ளி என்று வைத்துக் கணக்கிட்டால், மொத்தக் கட்டியிலும் ஐந்து கிராம் அளவுக்கு வெள்ளி இருந்தால் அதிகம். மூலையில் தெரியும் சிவப்பும் அதையே சொல்கிறது. மூலைகள்தான் முதலில் தேயும்.

உறுதி செய்ய வேண்டுமானால் சின்ன முக்கோண அரத்தால் ஒரு விளிம்பில் ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்கு இழுத்துப் பாருங்கள். காசுகளில் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன், சேகரிப்பு மதிப்பு போய்விடும். பேரில்லாத கட்டிக்கு அந்தக் கவலை இல்லை. உள்ளே வெண்மையாக வந்தால் நான் சொன்னது தவறு, சோதனைக்கூடத்துக்கு அனுப்புவோம்.

உங்கள் பெரியப்பாவைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. எடை இம்மி பிசகாத கட்டியைக் கையில் வாங்கிப் பார்த்தவர் யாராக இருந்தாலும் நம்பியிருப்பார். அந்த எடைத் துல்லியம்தான் போலி செய்கிறவன் முதலில் சரிபண்ணுகிற விஷயம். இன்னொன்றும் கவனியுங்கள்: சில கட்டிகளில் '100 மில்ஸ் .999 வெள்ளி' என்று பொறித்திருப்பார்கள். அது முலாம் பூச்சைப் பற்றிய வாசகம், கட்டி முழுக்க வெள்ளி என்று அர்த்தமில்லை. உங்களுடையதில் வெறும் 999 என்று இருப்பது அதைவிட மோசம், நேரடிப் பொய்.

மூடிய அட்டையில் உள்ள தங்க பிஸ்கட்டைப் பற்றி என்னைவிட விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள், அவர்களே சொல்லட்டும்.


அலைநீளம் எழுதியது:

நான் பற்றவைப்புகளுக்குள் விரிசல் இருக்கிறதா என்று மீயொலியால் பார்க்கிற வேலையில் இருக்கிறேன். கட்டிகளையும் அதே முறையில் பார்க்கலாம் என்பதால் சொல்கிறேன்.

அட்டையையும் அதிலுள்ள வரிசை எண்ணையும் ஆதாரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அட்டையைப் போலியாக அச்சிடுவது தங்கத்தைப் போலி செய்வதைவிட எளிது. அசல் எண் ஒன்றை எடுத்து நூறு போலியில் போடலாம். 2012இல் நியூயார்க்கில் ஒரு வியாபாரி கையில் கிடைத்த 10 அவுன்ஸ் கட்டிகளுக்குள் டங்ஸ்டன் இருந்தது பெரிய செய்தியானது. வெளிப்புறம் தங்கம், உள்ளே டங்ஸ்டன்.

மீயொலியின் தத்துவம் இதுதான். தங்கத்துக்குள் ஒலி வினாடிக்கு 3240 மீட்டர் வேகத்தில் போகும், டங்ஸ்டனுக்குள் சுமார் 5200. கருவியில் 3240 என்று வைத்துவிட்டு 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள கட்டியை அளந்தால், தங்கம் என்றால் 10 காட்டும். முழுக்க டங்ஸ்டன் என்றால் ஆறு சொச்சம்தான் காட்டும். துளைபோட்டுக் குச்சியாகச் செருகியிருந்தால் செருகிய இடத்திலிருந்து எதிரொலி முன்கூட்டியே வந்துவிடும். பெரிய கட்டிகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் உலோகத்தின் மேல் கூழ் தடவி நேரடியாகத் தொட வேண்டும். அட்டைக்கு மேலிருந்து முடியாது. ஒரு அவுன்ஸ் பிஸ்கட் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாமல் மெல்லியதாக இருக்கும், அதற்கு இது வசதியும் இல்லை.

உங்களுக்குப் பொருந்துவது மின்கடத்தல் மீட்டர். அது பிளாஸ்டிக்கைத் தாண்டியே மின்காந்த அலையால் உலோகத்துக்குள் பார்க்கும். தங்கம் 45 என்றால் டங்ஸ்டன் 18, 19தான், குழப்பத்துக்கு இடமே இல்லை. நாணய வியாபாரிகள் பலரிடம் இந்த மீட்டர் உண்டு. எக்ஸ்ஆர்எஃப் இயந்திரம் (எக்ஸ் கதிரால் உலோகக் கலவையைப் படிப்பது) மட்டும் வைத்திருப்பவரிடம் கொண்டுபோய் '999.9 காட்டுகிறது' என்றவுடன் நிறுத்திவிடாதீர்கள். தங்கத்தில் அது பார்ப்பது மேல்புறத்துப் பத்து மைக்ரான் அளவுதான். மேலே தடித்த முலாம் இருந்தால் அது முலாமைத்தான் படித்துச் சொல்லும்.

மீட்டர் கிடைக்கும்வரை அட்டை வழியாகவே ஒன்று பார்க்கலாம். ஒரு அவுன்ஸ் சுத்தத் தங்கத்தின் கன அளவு 1.61 கன சென்டிமீட்டர். பிஸ்கட்டின் நீளத்தையும் அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி, 1.61ஐ அதால் வகுத்தால் இருக்க வேண்டிய தடிமன் வரும். 4.1க்கு 2.4 என்றால் 1.6 மில்லிமீட்டர் சொச்சம். பக்கவாட்டில் பார்த்து அதைப்போல இரண்டு மடங்கு தெரிந்தால் உள்ளே பித்தளை மாதிரி ஏதோ இருக்கிறது.


உரைகல் எழுதியது:

மேலே சொன்னதுதான் சரியான வழி, நான் சேர்க்க ஒன்றுமில்லை.

கயல், அந்த ஒரு கிராம் துண்டுகள் எட்டையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது என்றேன். சேர்த்துப் பார்க்கலாம். மெல்லிய நைலான் வலைத் துணியில் சிறு பை செய்து, முதலில் காலிப் பையைத் தண்ணீரில் தொங்கவிட்டுத் தராசைப் பூஜ்யமாக்குங்கள். அப்புறம் எட்டையும் போட்டுக் குலுக்கி, குமிழி போனதும் தொங்கவிடுங்கள். எட்டும் தங்கம் என்றால் 0.41 காட்டும். எட்டில் ஒன்று பித்தளையாக இருந்தாலே 0.48க்குப் போய்விடும். ஏழு படி வித்தியாசம், உங்கள் தராசு நிச்சயம் காட்டிக்கொடுக்கும். டங்ஸ்டன் இதிலும் தப்பும் என்பதால் துண்டுகளையும் மீட்டர் இருக்கும் இடத்துக்கு எடுத்துப் போங்கள்.


கயல் எழுதியது:

விவரம் சொல்லிவிடுகிறேன். துண்டுகள் எட்டும் சேர்ந்து 0.41. பிஸ்கட்டின் தடிமன் கணக்கோடு ஒத்துப்போகிறது. மின்கடத்தல் மீட்டர் வைத்திருக்கும் ஒரு நாணய வியாபாரியிடம் பிஸ்கட்டையும் துண்டுகளையும் காட்டினேன். அட்டையைப் பிரிக்காமலே பார்த்தார், இரண்டு பக்கமும் தங்கத்தின் எல்லைக்குள் வந்தது. துண்டுகளுக்கு அவரிடம் இருந்த சின்ன முனையைப் பொருத்திப் பார்த்தார், அவையும் சரி.

வெள்ளிக் கட்டியின் விளிம்பில் அரத்தால் இழுத்தேன். இரண்டாவது இழுப்பிலேயே செம்பு நிறம் வந்துவிட்டது. அதைப் பங்குக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டோம். பின்னால் யார் கைக்காவது போய்ச் சேர்ந்தால் ஏமாறக் கூடாது என்று இரண்டு பக்கமும் 'செம்பு' என்று ஆழமாகப் பொறித்து வைத்திருக்கிறேன். மேப்பிள் ஐந்தை மூன்றாகப் பிரிப்பதுதான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறோம்.